திருப்பாத பக்கம்

அத்தியாயம் பதினாறு

“அம்மாவுக்குப் படிக்க வந்துவிட்டதா, வரவில்லையா? ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போங்களேன்” என்று கேட்பவர்களுக்கு இந்த வாரமும் ஒரே வார்த்தையில் பதில் இல்லை. ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் ஏன் பதினாறு வாரமாகப் பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்?

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். பழையவர்கள் அதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வரலாம்.

அம்மா ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபத்தாறு வருடமாக மருந்தாளர். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து, சரியான மாத்திரையைச் சரியான கையில் கொடுக்கிற வேலை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவள் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. போன கை திரும்பி வந்தது. கால் வந்தது. பேச்சு போகவே இல்லை. “அது போகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்று அப்பா சொல்லி, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எழுத்து மட்டும் போய்விட்டது. கண்ணில் குறை இல்லை. ஊசியில் நூல் கோக்கிறாள், எதிர் மாடியில் காயும் துணியில் பட்டன் அறுந்ததைச் சொல்கிறாள். அச்சடித்த பக்கத்தைத் திறந்தால் மட்டும் எறும்பு வரிசை. இதில் பெரிய வேடிக்கை, அவளால் எழுத முடியும். முத்து முத்தாக எழுதுவாள். எழுதி முடித்த அடுத்த நிமிடம் தான் எழுதியதையே படிக்கத் தெரியாமல் விழிப்பாள். “எழுத்தை அடையாளம் காணுற இடத்துல மட்டும் அடி பட்டிருக்கு. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்” என்று பெரிய டாக்டர் இரண்டு பக்கமும் பிடிகொடுக்காமல் சொன்னார்.

பிறகு இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஐந்து மணி. அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து நம்மாளின் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடங்கல் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது.

நம்மாள் என்றால் ஓர் எழுத்தாளர். உறவு இல்லை, நேரில் பார்த்ததும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் முப்பது வருடமாக அவருக்குப் பெயர் நம்மாள்தான். போன மாதம் வரை பதினோரு நாவல் எழுதியிருந்தார். அவற்றுக்கு நம்மாள் வைத்த தலைப்புகள் இங்கே யாருக்கும் பழக்கமில்லை. சிவப்பட்டை, பச்சையட்டை, கிழிஞ்சட்டை என்றால்தான் புரியும். அம்மா வேறு யாரையும் படிக்காதவள் இல்லை, ஊரிலிருக்கிற அத்தனை பேரையும் படிப்பாள். படித்துவிட்டு, வெளியூர் போனவள் சொந்தக் கட்டிலில் வந்து விழுகிற மாதிரி நம்மாளிடம் வந்துவிடுவாள். சிவப்பட்டையை மட்டும் பதினெட்டுத் தடவை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் ஒரு நாவலையும் அவர் திறந்தது கிடையாது. கல்யாணம் ஆன முதல் வாரத்திலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அம்மா படிப்பாள், அப்பா துணி தேய்ப்பார். அந்த வகையில் பதினோரு நாவலும் அவருக்குக் காது வழியாக உள்ளே போய்விட்டன.

கதைக்கு வருவோம். அம்மாவின் லீவு இன்றோடு முடிகிறது. இன்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் நாளை காலை ஒன்பது மணிக்கு அவள் கவுண்டரில் நிற்கலாம். போடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

*

பெரிய டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். அவர் அறையில் ஓர் இளைய டாக்டர் இருந்தார். வெளியே பெஞ்சில் நாற்பது பேர். அவர் முகத்தில் அந்த நாற்பது பேரும் தெரிந்தார்கள்.

அம்மாவுக்குத் துணையாக மகள் வந்திருந்தாள். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. அம்மாவுக்கு எழுத்துப் போனதும் பதறிப்போய், பாசத்தில் இரண்டு கண்ணாடி மாற்றிக் கொடுத்தவள் அவள்தான். அம்மா படிக்க ஆரம்பித்ததும் அது இரண்டாவது கண்ணாடியின் மகிமை என்று கடையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டவளும் அவள்தான்.

“மூணு வரி எழுதுங்கம்மா பாப்போம்,” என்றார் டாக்டர்.

அம்மா எழுதினாள். டாக்டர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையெழுத்தை நினைத்துக்கொண்டவர் போலப் புன்னகைத்தார்.

“படிக்கிறதுக்கு?”

“புத்தகம் கொண்டு வந்திருக்கேன். பிடிச்ச புத்தகமா எடுத்துட்டு வாங்க, பதட்டம் இருக்காதுன்னு பெரிய டாக்டர் சொல்லியிருந்தாரு.”

“நல்லதாப் போச்சு. எங்கேருந்து வேணாலும் படிங்க.”

பையிலிருந்து சிவப்பட்டை வெளியே வந்தது. அம்மா அதைப் புரட்டினாள். பழைய டீக்கறை ஒன்று வட்டமாகப் பதிந்திருந்த பக்கம் வந்ததும் விரல் நின்றது. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தாள்.

“ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கவில்லை. அவிழ்ப்பது போல் பாவனை செய்தான். கரையில் நின்ற பெண்ணுக்கு அது தெரியும்.”

நல்ல குரல் அம்மாவுக்கு. டாக்டர் தலையாட்டிக்கொண்டே ஃபைலில் ஏதோ எழுத ஆரம்பித்தார். மகளும் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் தொழில் பழக்கம் யாரை விட்டது? அவள் பார்வை தானாகவே அம்மாவின் கண்ணுக்குப் போனது.

படிக்கிற கண் சும்மா இருக்காது. வரியின் மேல் தத்தித் தத்திப் போகும், வரி முடிந்ததும் சட்டென்று அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தாவும். ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் மகள் இதைப் பார்க்கிறாள். அம்மாவின் கண் தத்தவும் இல்லை, தாவவும் இல்லை. பக்கத்தின் நடுவில், டீக்கறை இருந்த இடத்தில், அப்படியே நிலைத்திருந்தது.

மகள் மெல்ல எட்டிப் பார்த்தாள். பக்கத்தின் கடைசி வரி ‘தெரிந்தும் அவள் குடையை’ என்று முடிந்திருந்தது.

“தெரிந்தும் அவள் குடையை மடக்கினாள்,” என்றாள் அம்மா. “மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு படகில் ஏறினாள். ஏறும்போது அவன் கையைப் பிடிக்கவில்லை.”

அந்த வாக்கியங்கள் எல்லாம் அடுத்த பக்கத்தில் இருந்தன. அம்மாவின் கை இன்னும் தாளைத் திருப்பவில்லை. நாலு வாக்கியம் தாண்டிய பிறகு, விரலுக்கு ஏதோ நினைவு வந்த மாதிரி, பக்கம் மெதுவாகப் புரண்டது.

“போதும்மா, அருமையாப் படிக்கறீங்க,” என்றார் டாக்டர். முத்திரை விழுந்தது, கையெழுத்து விழுந்தது. வேலைக்குத் திரும்பத் தகுதி உடையவர் என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

மகளுக்குப் பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பிரமிப்பு. அந்தப் புத்தகம் முந்நூற்றுச் சொச்சம் பக்கம். தன்னோடு ஒரே வீட்டில் இருந்து, வெங்காய விலையைப் பற்றிச் சண்டை போட்டு, சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற இந்தப் பெண்ணுக்குள், ஓர் ஆறும் படகும் குடையும் முற்றுப்புள்ளி பிசகாமல் இருக்கின்றன. அவளுக்குத் தன் அம்மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

அந்தப் பிரமிப்பில் இருந்தபடியே மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கு வந்தார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் மாத்திரை அட்டையை நீட்டினாள். அம்மா அதை வாங்கினாள். திருப்பினாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள். மறுபடி திருப்பினாள்.

“பேரு சரியா இருக்கான்னு நீயே பாத்துடு,” என்று மகளிடம் கொடுத்துவிட்டாள்.

இருபத்தாறு வருடமாக ஊராருக்கெல்லாம் பெயர் சரியா என்று பார்த்துக் கொடுத்தவள். மகள் பார்த்தாள். சரியாக இருந்தது. நாளைக்குத் தன் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி ஒரு ஜன்னலுக்கு உள்ளே அம்மா நிற்பாள். வெளியே நிற்கிறவருக்கு ஒரு பெயர் மாறிப்போனால், அவர் வீட்டில் யார் பதில் சொல்வது?

பஸ்ஸில் அம்மா கையெழுத்து வாங்கிய தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைப் பலகைகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று உள்ளே போனாள். அப்பா வேலை முடிந்து வந்து சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அம்மா படிக்கல.”

கத்தி நிற்கவில்லை. மகளுக்குப் பாதி விஷயம் அதிலேயே புரிந்தது.

“தெரியும்,” என்றார் அப்பா.

“தெரியுமா? எப்போலேருந்து?”

“கரண்ட் போன அன்னைக்குலேருந்து.” அவர் கத்தியைக் கீழே வைத்தார். “ஆறேழு வாரம் இருக்கும். அவ படிச்சுக்கிட்டிருக்கா, நான் தேச்சுக்கிட்டிருக்கேன். அன்னைக்கு வெளியில ஒரே மேகம், வீடே இருட்டு. பொசுக்குனு கரண்ட் போச்சு. அவ நிறுத்துவான்னு பாத்தேன். நிறுத்தல. இஸ்திரிப் பெட்டி ஆறிப் போச்சு, நான் அப்படியே நிக்கறேன். குரல் மட்டும் வருது. ஒரு பக்கம், ரெண்டு பக்கம், மூணு பக்கம். கிட்டப் போய்ப் பாத்தா, கண்ணை மூடிக்கிட்டிருக்கா.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“என்னத்தச் சொல்ல? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு பாப்பா. முப்பது வருஷமா லிஃப்ட்டோட சத்தத்தை வச்சே எங்க கோளாறுன்னு சொல்ற ஆளு நான். நம்ம வீட்டுக்குள்ள இப்படி ஒரு மோட்டார் ஓடிக்கிட்டிருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கரண்ட் திரும்ப வந்துச்சு. அவ கண்ணைத் திறக்கறதுக்குள்ள நான் போய்ப் பழையபடி சட்டையைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டேன்.”

“சிலிர்த்ததெல்லாம் சரிப்பா. எனக்கும்தான் சிலிர்த்துச்சு. ஆனா நாளைக்கு அம்மா கவுண்டர்ல நிக்கப் போறா. டாக்டரு எழுதின சீட்டு நம்மாளு எழுதினது இல்ல, மனப்பாடமா ஒப்பிக்கறதுக்கு.”

அப்பா நறுக்கிய வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினார்.

“நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்தான். தப்புதான். தினமும் இன்னைக்குச் சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். அதுக்குள்ள அவ புத்தகத்தைத் திறந்துடுவா.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மூணு மாசம் இந்த வீட்ல அஞ்சு மணிக்கு ஒரு சத்தம் இல்ல. அது திரும்ப வந்தப்போ, அது எங்கேருந்து வருதுன்னு கேக்கற தைரியம் எனக்கு இல்ல. நம்மாளோட பன்னெண்டாவது புத்தகம் போன மாசம் வந்துச்சே, ஒம்பது வருஷம் கழிச்சு, நான்தானே வாங்கிட்டு வந்தேன்? உறையைக்கூடப் பிரிக்கல அவ. கண்ணு இன்னும் கொஞ்சம் பழகட்டும்னு மேல் தட்டுல வச்சுட்டா. வேற நாளா இருந்தா கடைக்காரன் ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடி போய் நிப்பா. அதைப் பாத்துட்டும் நான் சும்மா இருந்தேன்.”

இப்போது பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுதான் கேள்வி. அப்பா மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

“வெங்காயத்துக்காக ரெண்டு பேரும் கண்ணைக் கசக்கறீங்களா, இல்ல வேற விஷயமா?”

வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

“அஞ்சு மணி ஆகப் போகுது. வாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் கூடத்துக்குப் போனாள்.

*

கூடத்தில் நாற்காலி அதன் இடத்தில் இருந்தது. தேய்க்கிற மேஜை அதன் இடத்தில் இருந்தது. அம்மா உட்கார்ந்தாள். கையில் நாவல் இல்லை, ஒரு நோட்டு மட்டும் இருந்தது. கையெழுத்து வாங்கிய தாள் பக்கத்து ஸ்டூலில் கிடந்தது.

“நான் பக்கத்தைத் திருப்பல, இல்ல?” என்று மகளைக் கேட்டாள்.

மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. நீ என் கண்ணைப் பாக்கறேன்னும் தெரிஞ்சுது. உனக்கு முன்னாடி நடிக்கறதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு. உங்கப்பாவாவது காதுதான் வச்சிருக்காரு.”

“காதுக்கும் தெரியும்,” என்றார் அப்பா மெதுவாக.

அம்மா அவரைப் பார்த்தாள். “கரண்ட் போன அன்னைக்கா?” என்றாள். அவர் ஆமாம் என்றார். “பெட்டியோட வாசனை நின்னு போச்சே, ஏன் இன்னும் நிக்கறாருன்னு நெனச்சேன்,” என்றாள். கணவனும் மனைவியும் இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றி ஏழு வாரம் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று மகளுக்குத் தெரியவில்லை.

“ஏம்மா எங்ககிட்ட மறைச்சே?”

“முதல்ல மறைக்கணும்னு இல்ல. அன்னைக்கு எடுத்துப் பாக்கலாம்னுதான் எடுத்தேன். ஒரு எழுத்தும் தெரியல. ஆனா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது, டீக்கறையை வச்சு. முதல் வரி தானா வாயில வந்துச்சு. பின்னாடியே அடுத்தது. நிறுத்திட்டு நிமிர்ந்து பாத்தா, நீங்க ரெண்டு பேரும் நிக்கறீங்க. உங்க மூஞ்சியைப் பாத்ததுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது, இது படிக்கறது இல்லன்னு? சரி, சீக்கிரம் படிக்கக் கத்துக்கிட்டா அது பொய்யில்லாமப் போயிடும்னு நெனச்சேன்.”

அவள் தலையணைக்கு அடியிலிருந்து கொண்டுவந்திருந்த நோட்டுப் புத்தகத்தை மகளிடம் நீட்டினாள். மகள் பிரித்தாள். பக்கம் பக்கமாக அம்மாவின் கையெழுத்து. எல்லாம் சிவப்பட்டையின் வரிகள். ஒவ்வோர் எழுத்தின் மேலும் திரும்பத் திரும்பப் பேனா ஓடி, தாள் பல இடத்தில் நைந்துபோயிருந்தது.

“கைக்கு எழுத்து மறக்கல. கண்ணுக்குத்தான் மறந்து போச்சு. அதனால கையை விட்டுக் கண்ணுக்குச் சொல்லிக் குடுக்கறேன். அச்சுல இருக்கற எழுத்து மேல விரலை ஓட்டுவேன். விரலு போற போக்குல, ஓ, இது இன்னதுன்னு உள்ள ஒண்ணு சொல்லும். ஆனா அது சரியா தப்பான்னு எனக்கு யாரு சொல்றது? நம்மாளுதான் சொல்றாரு. அந்த இடத்துல என்ன வார்த்தை வரணும்னு எனக்குத் தெரியுமே. படகுன்னு வரணும். விரலும் படகுங்குது. அப்போ சரி.” அவள் நோட்டைத் தடவினாள். “புதுசா ஒருத்தர் எழுதினதுல இதைச் செய்யவே முடியாதுடி. பதினெட்டுத் தடவை படிச்சப்போ உங்க சித்தியெல்லாம் சிரிச்சா, தெரிஞ்ச கதையைப் போய் எதுக்குத் திரும்பத் திரும்பப் படிக்கறேன்னு. எதுக்குன்னு எனக்கும் அப்போ தெரியாது.”

மகள் நோட்டின் நைந்த இடத்தில் விரலை வைத்தாள். ஐந்து மாதமாகத் தான் எழுத்துப் பலகையும் கண்ணாடியுமாக அலைந்தபோது, பக்கத்து அறையில் ஒருத்தி ஒரு கதையைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள். மகளுக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அம்மாவைப் போய் எப்படிக் கும்பிடுவது என்று கூச்சமாகவும் இருந்தது.

“அப்போ கொஞ்சம் வருதாம்மா?”

“வருது. நத்தை மாதிரி வருது. ஒரு வரிக்குக் கால் மணி நேரம். அதான் இன்னைக்குக் கையெழுத்தை மட்டும் வாங்கிட்டா, மீதியை வேலைக்குப் போயிக்கிட்டே கத்துக்கலாம்னு ஆசை. அந்தக் கவுண்டர் இடம் போயிடுமோன்னு பயம். அது வெறும் வேலை இல்ல எனக்கு, உனக்குத் தெரியும்.” அவள் ஸ்டூலில் கிடந்த தாளை ஒரு தடவை பார்த்தாள். “அப்புறம் அந்த ஜன்னல்ல மாத்திரை அட்டையைக் குடுத்தாங்களே. தூக்கத்துல எழுப்பினாலும் அந்தப் பேரைச் சொல்வேன். திருப்பித் திருப்பிப் பாக்கறேன், அது எனக்கு மூஞ்சியே காட்டல. நாளைக்கு என் ஜன்னலுக்கு வர்றவன் என்னை நம்பி அதை வாங்கிட்டுப் போய் முழுங்குவான். பஸ்ஸுல வரும்போதே முடிவு பண்ணிட்டேன்.”

“என்னன்னு?” என்றார் அப்பா.

“நாளைக்கு ஒம்பது மணிக்குப் போறேன். கவுண்டருக்கு இல்ல, சீஃப் ரூமுக்கு. உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். அப்புறம் அவங்க பாடு.”

சீஃப் என்பது மருந்தகத்தின் தலைமை மருந்தாளர். அந்தம்மாவின் பெயரைக் கேட்டால் மாத்திரையே புட்டிக்குள் நேராக நிற்கும் என்பார்கள்.

அப்பா பெட்டியின் சுவிட்சைப் போடவில்லை. அலமாரிப் பக்கம் போனார். எக்கி, மேல் தட்டிலிருந்து பன்னிரண்டாவது புத்தகத்தை எடுத்தார். கண்ணாடித்தாள் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். முப்பது வருடத்தில் அவர் கையால் திறந்த முதல் நாவல் அதுதான்.

“கால் மணி நேரம்தானே,” என்றார். “லிஃப்ட்டு நடுவுல நின்னா நான் ஒரு மணி நேரம்கூட உள்ள உக்காந்திருக்கேன். படி.”

“இது தெரியாத கதைங்க.”

“எனக்கும்தான் தெரியாது.”

அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பக்கத்தைப் பிரித்தாள். “மொத்தமா மொய்க்குது. கீழ இருக்கறதை மறைச்சுக்க ஒரு தாள் வேணும்,” என்றாள். மகள் தாள் தேடி எழுவதற்குள், அம்மா ஸ்டூலில் கிடந்த டாக்டரின் தாளை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். முத்திரை உள்பக்கம் போய்விட்டது. முதல் வரிக்குக் கீழே அதை நேராக வைத்தாள்.

விரல் முதல் எழுத்தின் மேல் வந்து நின்றது.

“மழை,” என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார். நம்மாள் அநேகமாக மழையில்தான் ஆரம்பிப்பார். பதினோரு புத்தகத்தில் ஒன்பது மழையில் ஆரம்பிக்கும்.

அம்மாவின் விரல் நகரவில்லை. மறுபடி அதே இடத்தில் மெதுவாக வளைந்து, சுழித்து, இறங்கியது. அவள் நெற்றி சுருங்கியது.

“இல்ல. மழை இல்ல. மழைன்னு நானா சொல்லிட்டேன். விரலு வேற என்னமோ சொல்லுது.”

மகளுக்கு நாக்கு நுனியில் வார்த்தை நின்றது. எழுத்துப் பலகையைக் காட்டி ஊரையெல்லாம் படிக்க வைக்கிறவள், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் விரலைத் தவிர வேறு எதையும் அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

“பூ... பூட்... பூட்டை.”

கொஞ்ச நேரம் போனது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. விரல் ஒவ்வோர் எழுத்தாக ஏறி இறங்கி, தயங்கி, திரும்பி, மறுபடி ஏறியது. ஒரு வார்த்தையில் அவள் மூன்று தடவை தப்பு செய்தாள். மூன்று தடவையும் தானே திருத்தினாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. கடைசியாக, விரல் முற்றுப்புள்ளியில் போய் உட்கார்ந்தது. அம்மா மூச்சை இழுத்து விட்டு, முழு வரியையும் சேர்த்துச் சொன்னாள்.

“பூட்டைத் திறந்து உள்ளே போனால், யாரோ விளக்கைப் போட்டு வைத்திருந்தார்கள்.”

அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“மழையில ஆரம்பிக்கலையா?” என்றார் அப்பா.

“இல்லங்க. பூட்டுல ஆரம்பிச்சிருக்காரு.”

மகள் எட்டிப் பார்த்தாள். தாளுக்கு மேலே தெரிந்த ஒற்றை வரியில் அப்படியே இருந்தது. இந்த வரி அம்மாவுக்குள் ஏற்கெனவே இருந்ததில்லை. இப்போதுதான், இந்த நிமிடம்தான், அது உள்ளே போயிருக்கிறது. மகள் தொழிலில் எத்தனையோ பேர் முதல்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துத் தெரிகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். எந்த நாளும் அந்த எழுத்தை அவள் இப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததில்லை.

அப்போது ஸ்டூலின் மேலிருந்த அம்மாவின் போன் அடித்தது. மகள் எடுத்துப் பார்த்தாள். சீஃப்.

“அம்மா, சீஃப் கூப்பிடறாங்க. நாளைக்கு வர்றியான்னு கேக்கத்தான் இருக்கும். என்ன சொல்ல?”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா நிமிரவில்லை. மடித்த தாளை ஒரே ஒரு வரி கீழே நகர்த்தினாள்.

“கொஞ்சம் இரு,” என்றாள். “அடுத்த வரி என்னன்னு எனக்குத் தெரியாது.”